கொடி வளைக்கும் தூறல்

காலையில் கண் விழித்ததும் கூரையில் பொட்டுப் பொட்டென்று சத்தம் கேட்டது. 'கடவுளே, புறாவாக இருக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டே ரோஸ்வீட்டா ஜன்னலைத் திறந்தாள். புறா இல்லை. தூறல்.

எப்பேர்ப்பட்ட தூறல்! காற்றில்லாமல், அவசரமில்லாமல், யாரோ மேலே உட்கார்ந்து மாவு சலிக்கிற மாதிரி விழுந்துகொண்டிருந்தது. மோசல் ஆறு வளைந்து திரும்புகிற இடத்தில் சரிவு முழுக்க நனைந்து, சிலேட்டுக்கல் கருகருவென்று மின்னியது. பிப்ரவரியில் கிளம்பிய கிழக்குக் காற்று லெயர்பாக் ஊரை வறட்டி எடுத்திருந்தது. ஊர் ஜனம் வானத்தைப் பார்த்து வேண்டியாயிற்று, திட்டியாயிற்று, பாதிரியாரைப் பிடித்துத் தொந்தரவு பண்ணியாயிற்று. அப்போதெல்லாம் எட்டிப் பார்க்காத தூறல், அவளுடைய கல்யாண நாளாகப் பார்த்து வந்து இறங்கியிருந்தது.

"போயும் போயும் இன்னிக்கா?" என்று வானத்தைப் பார்த்துக் கேட்டாள். வானம் என்ன சொல்லும்? பெய்தது.

இதில் என்ன குறை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். அந்த ஊரில் பிறந்தவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். ரீஸ்லிங் திராட்சைக் கொடிக்குக் கவாத்து பண்ணும்போது நீளமாக இரண்டு கொம்புகளை மட்டும் விட்டுவைப்பார்கள். ஒவ்வொரு கொடிக்கும் பக்கத்தில் ஒரு கழி நிற்கும். அந்த இரண்டு கொம்புகளையும் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வளைத்துக் கீழே கொண்டுவந்து, வில்லோ மரத்து மெல்லிய குச்சியான மிலாறால் கழியோடு கட்ட வேண்டும். கட்டி முடித்தால் இதயம் வரைந்த மாதிரி இருக்கும். ஈரக் காற்றில் கொம்பு சொன்ன பேச்சு கேட்கும். வறட்டுக் காற்றில் கை வைத்தால் படக்கென்று முறியும், முறிந்த கொம்போடு அந்த வருஷத்துப் பழமும் போகும். சரி, மழை வரும்வரை பொறுக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கொம்பில் இருக்கிற துளிர்க் கண்கள் பருத்துவிட்டால் வளைக்கும்போது விரல் பட்டே உதிர்ந்துவிடும். இந்த வருஷம் கண்கள் ஏற்கெனவே பருத்து, இன்றைக்கோ நாளைக்கோ என்று நின்றன. சரிவில் பாதிக் கொடிகள் வளைக்காமல், தலை வாராத பிள்ளைகள் மாதிரி விறைத்துக்கொண்டிருந்தன.

அந்தப் பாதியில் ரோஸ்வீட்டாவின் பூனைமுதுகும் ஒன்று. ஊருக்கு மேலே, ஆடு ஏறவே யோசிக்கிற செங்குத்தில் இருக்கிற துண்டு நிலம் அது. முள்ளும் புதரும் மண்டிக் கிடந்ததை அவளே வெட்டி, அவளே கல் அடுக்கி, அவளே நட்டு வளர்த்தாள். இந்த வருஷம்தான் முதல் காய்ப்பு. அதாவது, இந்த வருஷம்தான் முதல் வளைப்பு.

கீழே சமையலறைக்குப் போனால் அங்கே அவள் அம்மா ஹெட்விக் நின்றாள். மேலே கல்யாணத்துக்குத் தைத்த நீலச் சட்டை, கீழே ரப்பர் பூட்ஸ்.

"எங்கேம்மா கிளம்பிட்ட?"

"கோழிக்குத் தீனி போட."

"கோழிக்குத் தீனி போட எதுக்கும்மா இடுப்புல மிலாறுக் கட்டு?"

ஹெட்விக் இடுப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். "ரெண்டே வரிசைடி. பதினோரு மணிக்குள்ள வந்திடுவேன். சத்தியமா."

"எனக்குக் கல்யாணம்மா இன்னிக்கு!"

"அதான் பதினோரு மணிக்குன்னு சொல்றேனே. உன் பூனைமுதுகையும் பார்த்துக்கத்தான் ஆசை. அந்தச் செங்குத்துல என் முட்டி ஏறாதே கண்ணு." சொல்லிக்கொண்டே வாசலைத் தாண்டிவிட்டாள்.

தெருவில் டிராக்டர் ஓடுகிற சத்தம். ஒன்றல்ல, வரிசையாக. ரோஸ்வீட்டா வாசல்வரைக்கும் போய் நின்றாள். அவளாலும் ஓடமுடியும். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது, கொஞ்சமாவது கட்டிவிட்டு வரலாம். ஆனால் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

அந்த வாக்கின் கதையைச் சொல்லாவிட்டால் மேலே எதுவும் விளங்காது. ஆற்றில் சரக்குப் படகுகளை ஏற்றி இறக்குகிற மதகில் வேலை பார்க்க வடக்கே கடற்கரையிலிருந்து வந்தவன் மொம்மே. ஆறடிக்கு மேல் உயரம், பேச்சு மட்டும் அரையடி. அவன் மதகுக் கதவைத் திறந்து மூடுவதைச் சரிவிலிருந்து அவள் பார்க்க, அவள் சரிவில் ஏறி இறங்குவதை மதகிலிருந்து அவன் பார்க்க, அப்படி ஆரம்பித்தது. கல்யாணம் முதலில் அக்டோபரில் என்று வைத்தார்கள். பழத்தில் திடீரென்று அழுகல் விழ, ஊரே கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடியது, அவளும் ஓடினாள். அடுத்து ஜனவரியில் வைத்தார்கள். பனி ஒயினுக்கென்று கொடியிலேயே விட்டுவைத்த பழம், கல்யாணத்தன்று விடியற்காலையில் பார்த்து உறைந்தது. உருகுவதற்குள் பறித்தாக வேண்டும். மறுபடி ஊரே ஓடியது. மறுபடி அவளும்தான்.

மொம்மேயின் அம்மா வீப்கே இரண்டு தடவையும் பாதி ஜெர்மனியை ரயிலில் தாண்டி வந்து, தொப்பி போட்டபடியே திரும்பிப் போனவள். இரண்டாவது தடவை போன கையோடு தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"இதோ பாரும்மா ரோஸ்வீட்டா. நீ ஏற்கெனவே கல்யாணம் ஆனவ. அந்த மலையைக் கட்டிக்கிட்டவ. என் பையன் எதுக்கு நடுவுல? இங்க எங்க ஊர் மதகுல அவனுக்கு வேலை காத்திட்டிருக்கு. இன்னொரு தடவை தள்ளிப்போச்சுன்னா அவன் மூட்டை கட்டிட்டு வந்திடுவான். அவன்கிட்டயே கேட்டுக்கோ."

கேட்டாள். மொம்மே கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துவிட்டு, "களைச்சுப்போச்சு ரோஸ்வீட்டா" என்றான். கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த ஒரு சொல்லில் அவளுக்கு உள்ளே ஏதோ அறுந்தது. உடனே வடக்கே கூப்பிட்டு, "மழையே பெஞ்சாலும் சரி, மலையே இடிஞ்சாலும் சரி, கல்யாணத்தன்னிக்கு நான் கொடில கை வைக்க மாட்டேன். இது வாக்கு" என்று சொன்னாள். மார்ச்சில் நாள் குறித்தார்கள். மார்ச்சுக்குள் வளைப்பு முடிந்துவிடும் என்று ஊர்த்தலைவர் செவரினே அடித்துச் சொன்னார். அவர் சொன்னால் நடக்கும் என்று நம்பியது இவர்கள் தப்பு.

பதினோரு மணிக்கு ரோஸ்வீட்டா தந்த நிற கவுனில் ஊர்மன்றத்துப் பதிவறையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கறுப்புக் கோட்டில் மொம்மே. எதிரே வடக்கேயிருந்து வந்த சொந்தக்காரர்கள், நடுவில் வீப்கே. எலும்பு பெருத்த உடம்பு, கறுப்புத் தொப்பி, காலில் பொத்தான் வைத்த பளபளப்பான சப்பாத்து. கரையோரம் ஆட்டுப்பட்டி வைத்து ஒற்றை ஆளாக நடத்துகிறவள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கே கொஞ்சம் பயமாக இருந்திருக்கும்.

மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். பெண் வீட்டார் பக்கம் காலி நாற்காலிகள். மேசைக்குப் பின்னால் கல்யாணம் பண்ணிவைக்க வேண்டிய செவரினின் நாற்காலியில் அவருடைய கோட்டு தொங்கியது.

"கோட்டு வந்திருக்கு. ஆள் எங்கே?" என்றாள் வீப்கே.

ரோஸ்வீட்டா பூங்கொத்தைக் குனிந்து பார்த்தாள். ஊரில் ஒவ்வொருத்தரும் என்ன நினைத்திருப்பார்கள் என்று அவளுக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். 'நான் ஒருத்தன் கொஞ்சம் தாமதமாப் போனா என்ன, மத்தவங்க இருப்பாங்களே.' செவரினும் அதையேதான் நினைத்திருப்பார், அவர் இல்லாமல் கல்யாணமே இல்லை என்பதை மறந்துவிட்டு.

"கேக்கறேனில்ல. ஊர் ஜனம் எங்கே? உங்க அம்மா எங்கே?"

"மலையில" என்றான் மொம்மே.

"எல்லாருமா?"

"ம்."

"எங்க ஊர்ல கடலே உள்ள வந்தாலும் கல்யாணத்தைப் பாதியில விட்டுட்டுப் போகமாட்டோம்!"

"உன் கல்யாணத்தன்னிக்கு அப்பா கடல் உடைச்ச கரையை அடைக்கப் போனாருன்னு சொல்லுவியேம்மா?" என்றான் மொம்மே.

"அது மோதிரம் போட்டதுக்கு அப்புறம்" என்றாள் வீப்கே. "முதல்ல மோதிரம், அப்புறம் கரை. எதுக்கும் ஒரு வரிசை உண்டு."

மொம்மே ரோஸ்வீட்டாவின் பக்கம் சாய்ந்தான். அவள் விரல்கள் பூங்கொத்தின் ரிப்பனைப் பிடித்து வளைத்து, கட்டி, அவிழ்த்து, மறுபடி வளைத்துக்கொண்டிருந்தன. அவளுக்கே அது தெரியவில்லை. "போ. பூனைமுதுகைப் பாரு. நான் அம்மாகிட்ட சொல்லிக்கறேன்" என்றான் மெதுவாக.

"போகமாட்டேன்."

"கண்ணு உதிர்ந்திடும்."

"உதிரட்டும். நான் சொன்ன சொல் உதிராது." சொல்லிவிட்டாளே தவிர, கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அதை யாரும் பார்க்காதபடி ஜன்னல் பக்கம் திரும்பினால் அங்கே அந்தப் பாழாய்ப்போன தூறல், இன்னும் அழகாக.

வீப்கே விருட்டென்று எழுந்தாள். "அந்த ஆளைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றேன். எந்தப் பக்கம் மலை?" இதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ஊரில் கதவைத் திறந்தால் மலைதான்.

ஆக, கல்யாணக் கூட்டம் மலை ஏறியது. முன்னால் வீப்கே, சப்பாத்து வழுக்க வழுக்க. பின்னால் அவளுக்குக் குடை பிடித்தபடி மொம்மே. அதற்குப் பின்னால் கவுனை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, கல்யாண சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பதிவறை மூலையில் கிடந்த செவரினின் பழைய ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ரோஸ்வீட்டா. சொந்தக்காரர்கள் பாதி வழியில் ஒரு கல்சுவரில் உட்கார்ந்துவிட்டார்கள்.

சரிவு முழுக்க ஆட்கள். வெள்ளைச் சட்டை, டை, முதுகில் மிலாறுக் கட்டு. பட்டுக் கவுனை இடுப்பில் செருகிக்கொண்ட பெண்கள். எல்லாரும் கல்யாணத்துக்குத்தான் உடுத்தியிருந்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஹெட்விக் மகளைப் பார்த்ததும் ஒரு கொடிக்குப் பின்னால் பதுங்கினாள். கொடி மெல்லிசு, ஹெட்விக் அப்படியில்லை.

"ரெண்டே வரிசைன்ன?" என்று கத்தினாள் ரோஸ்வீட்டா.

"ரெண்டாவதுதாண்டி இது!" என்று கொடி பதில் சொன்னது.

செவரின் தன் வரிசையின் நடுவில் இருந்தார். குட்டையான, உருண்டையான மனிதர். வீப்கேயைக் கண்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் கை நிற்கவில்லை.

"இதோம்மா, இந்த வரிசை முடிஞ்சதும் வந்திடறேன்."

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"கொஞ்சந்தான்" என்றார் செவரின். வீப்கே நிமிர்ந்து பார்த்தாள். வரிசை மேகத்துக்குள் போயிருந்தது.

"இப்ப வரமாட்டீங்க?"

"தூறல் எப்ப நிக்கும்னு யாருக்குத் தெரியும்? மேற்கே பாருங்க, வெளுக்குது. வெயில் அடிச்சா கொம்பு விறைச்சிடும். என் நிலைமையில இருந்து பாருங்கம்மா."

"குடுங்க அந்தக் குச்சியை" என்றாள் வீப்கே. "ரெண்டு பேரா செஞ்சா சீக்கிரம் முடியும். கல்யாணத்தைப் பண்ணிவைக்க இதான் வழின்னா இதையும் பண்ணித் தொலைக்கறேன்."

தொப்பியைக் கழற்றி மகன் கையில் கொடுத்தாள். ஒரு கொம்பைப் பிடித்தாள், ஆட்டைப் பட்டிக்குள் அடைக்கிற வேகத்தில் இழுத்தாள். படக்!

அந்தச் சத்தம் மலையில் எதிரொலித்தது. சரிவு முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன. "யாருய்யா அது?" என்று மேலேயிருந்து ஒரு குரல். "எந்தப் படுபாவி?" என்று கீழேயிருந்து இன்னொன்று. செவரின் தன் கை எலும்பே முறிந்த மாதிரி முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரோஸ்வீட்டாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வீப்கே சிவந்துபோனாள். அவள் வெட்கப்பட்டு அந்த ஊரில் யாரும் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"இழுக்கக்கூடாதும்மா. கொஞ்சம் முறுக்கிக்கிட்டே வளைக்கணும்" என்றார் செவரின், மூச்சைப் பிடித்துக்கொண்டு. "கொம்பு கிறீச்சுன்னு ஒரு சத்தம் குடுக்கும். அப்ப நிறுத்தணும், அதுக்கு ஒரு மூச்சு விடணும், அப்புறம் மறுபடி."

வீப்கே இரண்டாவது கொம்பைப் பிடித்தாள். முறுக்கினாள், நிறுத்தினாள், காத்திருந்தாள், மறுபடி வளைத்தாள். கொம்பு மெல்லக் கீழே இறங்கி வந்து கழியில் ஒட்டிக்கொண்டது.

"அட, குட்டி இழுக்கற மாதிரிதானே இது!" என்றாள் திகைப்போடு. "ஆடு முக்கும்போது இழுக்கணும், விட்டதும் நிறுத்தணும். இதை முதல்லயே இப்படிச் சொல்லியிருந்தா ஒண்ணு முறிஞ்சிருக்குமா?"

"எனக்கு ஆடு பழக்கமில்லைம்மா" என்றார் பாவம் செவரின்.

அதற்கப்புறம் வீப்கேயைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த கொடி, அதற்கடுத்த கொடி. பளபள சப்பாத்து மண்ணுக்குள் புதைந்தது, கறுப்பு உடுப்பில் சிலேட்டுச் சகதி. மொம்மே குடையை மடக்கிவிட்டுக் கட்டுகிற வேலையில் சேர்ந்தான். படகைக் கரையோடு கட்டுகிற முடிச்சைப் போட்டு, "தம்பி, இது கொடி, எங்கேயும் மிதந்து போகாது, தளர்த்திக் கட்டு" என்று பக்கத்து வரிசைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். எல்லாரும் சிரித்தார்கள். ரோஸ்வீட்டா மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு கொடியிலும் உரசாமல், நட்டுவைத்த கழி மாதிரி நின்றாள்.

வீப்கே முதுகை நிமிர்த்தியபோது அதைப் பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள். மற்ற நிலமெல்லாம் ஓரளவு வளைத்துக் கட்டிய கொடிகளாக இருக்க, உச்சியில் ஒரு துண்டு மட்டும் அத்தனை கொம்பும் விறைத்து நின்றது. அங்கே ஆள் அரவமே இல்லை.

"அது யாரோடது? ஆளையே காணோம்?"

செவரின் ரோஸ்வீட்டாவைப் பார்த்தார். ரோஸ்வீட்டா பூட்ஸைப் பார்த்தாள்.

"அவளோடதுதாம்மா" என்றான் மொம்மே. "பூனைமுதுகு. முதல் காய்ப்பு இந்த வருஷம்."

"அப்ப அவ ஏன் இங்க சும்மா நிக்கறா?"

"உனக்குக் குடுத்த வாக்கு."

வீப்கே கையிலிருந்த மிலாறை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். மேற்கே மேகம் கொஞ்சம் கிழிந்து, ஆற்றின் தூரத்து வளைவில் வெளிச்சம் விழுந்திருந்தது. ரோஸ்வீட்டாவின் பார்வை அந்த வெளிச்சத்துக்கும் பூனைமுதுகுக்கும் போய்ப் போய் வந்ததை வீப்கே கவனித்தாள். பட்டியில் ஈனப்போகிற ஆட்டை விட்டுவிட்டு வந்தவளுக்கு அந்தப் பார்வை தெரியாதா?

"காலையிலேர்ந்தா இப்படி நிக்கற?"

"உட்கார்ந்திருந்தேன்" என்றாள் ரோஸ்வீட்டா.  "அத்தை, நீங்க நினைக்கற மாதிரி இல்லை. மலையா மொம்மேயான்னா எனக்கு மொம்மேதான். ஆனா மலையும் வேணும். ரெண்டும் வேணும். நான் என்ன பண்ணட்டும், எனக்கு ஆசை ஜாஸ்தி."

வீப்கே கிட்டே வந்தாள். பின்னால் கட்டியிருந்த அவள் கைகளைப் பிடித்து முன்னால் இழுத்து, விரல்களைப் பிரித்து, மிலாறுக் கட்டை அதில் வைத்து மூடினாள். "சரிதான். ஆனா ஒண்ணு. முதல்ல மோதிரம், அப்புறம் கரை. வரிசை மாறக்கூடாது. என் பையனுக்குச் சம்மதம் சொல்ற வரைக்கும் உன் விரல் கொடியில படக்கூடாது. அது நான் வாங்கின வாக்கு, அதை விடமாட்டேன். யோவ் தலைவரே!"

"புத்தகம் கீழே இருக்கும்மா. கையெழுத்துப் போடணும், முத்திரை குத்தணும்..."

"கையெழுத்தை ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டுக்கலாம். கேக்க வேண்டிய கேள்வி எங்க இருக்கு?"

"கேள்வி... வாயில இருக்கு."

"அப்ப வாயை எடுத்துட்டு மேலே வாங்க."

பூனைமுதுகுக்கு ஏறினார்கள். விஷயம் வரிசை வரிசையாகக் கத்தப்பட்டுப் பரவி, அங்கங்கே கட்டிக்கொண்டிருந்தவர்கள் மிலாறோடு பின்னால் வந்தார்கள். முட்டி ஏறாது என்று சொன்ன ஹெட்விக்கூட வந்துவிட்டாள். முட்டிக்கும் கல்யாணம் தெரியும் போலிருக்கிறது.

ரோஸ்வீட்டாவும் மொம்மேயும் முதல் கொடிக்கு முன்னால் நின்றார்கள். செவரின் தொண்டையைச் செருமினார். ஊர்த்தலைவர்களுக்கு மலை உச்சியில் கூட்டம் கிடைத்தால் சும்மா விடுவார்களா? இல்லறத்தைப் பற்றி ஆரம்பித்தார், குடியரசுக்குப் போனார், மதகு கட்டியதால் ஊருக்கு வந்த நன்மைகளைத் தொட்டார்.

"மேகம் கிழியுது தலைவரே!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"சுருக்குங்க" என்றாள் வீப்கே.

"சரி, சரி. மொம்மே, இந்த ரோஸ்வீட்டாவை மனைவியா ஏத்துக்கச் சம்மதமா?"

மொம்மே யோசித்துப் பேசுகிறவன். யோசித்தான். ரோஸ்வீட்டாவின் மூக்கு நுனிக்கு முன்னால் ஒரு கொம்பு தூறலில் நனைந்து, பருத்த கண்களில் துளி தொங்க, மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. என்ன பதம், என்ன பதம்! இப்போது தொட்டால் வெண்ணெய் மாதிரி வளையும்.

"சம்மதம்" என்றான் மொம்மே. அதை அவன் சொன்ன விதத்தில் அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சந்தோஷம் ஏறியது. களைப்பு அவன் குரலில் துளிகூட இல்லை.

"ரோஸ்வீட்டா, நீ இந்த மொம்மேயைக் கணவனா ஏத்துக்க..."

அந்த நேரம் பார்த்து ஆற்றிலிருந்து ஒரு சிறு காற்று கிளம்பியது. வறட்டுக் காற்று. கொம்பு அவள் பக்கம் சாய்ந்தது.

"...சம்மதமா?"

"சம்மதம்!"

அவள் கத்தியது மதகு வரைக்கும் கேட்டது. கத்தும்போதே கொம்பு அவள் கையில் இருந்தது. முறுக்கினாள், நிறுத்தினாள், வளைத்தாள். மொம்மே மறுபக்கத்துக் கொம்பைப் பிடித்தான். கீழே இருவர் கையும் கழியில் சந்தித்த இடத்தில் ஒரே மிலாறால் கட்டினார்கள். கூட்டம் கை தட்டியது. அதோடு அடுத்த வேலையும் தானாக நடந்தது. கையைச் சும்மா வைத்துக்கொண்டு நிற்கத் தெரியாத ஜனம் அது. வாழ்த்துச் சொல்ல வந்த ஒவ்வொருத்தரும் வாயால் வாழ்த்திக்கொண்டே கையால் பக்கத்துக் கொடியை வளைத்தார்கள். வாத்தியக்காரர்கள் வாசிக்கவில்லை, வளைத்தார்கள். கல்சுவரில் உட்கார்ந்திருந்த வடக்கத்திச் சொந்தங்கள்கூட மூச்சிரைக்க ஏறி வந்து மிலாறு எடுத்துக் கொடுத்தன. வெயில் வந்து கொம்புகள் விறைத்தபோது பூனைமுதுகில் வளைக்காத கொடி ஒன்றுகூட இல்லை.

சாயங்காலம் கையெழுத்துப் போட்டார்கள். புத்தகத்தில் மண் விரல் ரேகையும் விழுந்தது. அதற்கப்புறம் மதகுக்காரர்கள் மண்டபத்தில் உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும் லீக் கீரையும் போட்டு அவித்த பெரிய அண்டாவைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். வீப்கே அதுவரை ஊருக்கு வந்த ஒவ்வொரு தடவையும் தேநீர் தவிர எதையும் தொட்டவளில்லை. அன்று ஹெட்விக் ஒரு கிளாஸ் ரீஸ்லிங்கை அவள் முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் நகர்ந்தாள். வீப்கே அதை முகர்ந்து பார்த்தாள். ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"புளிக்குது" என்றாள். மீதியையும் குடித்தாள். "இன்னும் ஊத்துங்க."

அப்போதுதான் செவரினுக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. அவர் மூன்றாவது கிளாஸில் இருந்தார்.

"எல்லாம் சரி, ஒரு விஷயம் சொல்லணும்" என்று எழுந்தார். "நான் எதிர்லதான் நின்னேன். என் கண்ணால பார்த்தேன். இந்தப் பொண்ணு கொம்பைத்தான் முதல்ல பிடிச்சா! சம்மதம் அப்புறம்தான் வந்துச்சு!"

மண்டபமே ஆர்ப்பரித்தது. "ஆமா, கைதான் முதல்ல!" என்றது ஒரு மேசை. "இல்லை, வாய்தான்!" என்றது இன்னொன்று. ரோஸ்வீட்டாவின் சிரித்த முகம் அப்படியே உறைந்தது. ஏனென்றால் அவளுக்குத் தெரியும். காற்று அடித்தது, கொம்பு சாய்ந்தது, கை போய்விட்டது. ஒரு இமைப்பொழுதுதான், ஆனால் கைதான் முதலில். சொன்ன சொல்லைக் காலையிலிருந்து கட்டிக் காத்தவள், கடைசிக் கணத்தில் கோட்டைவிட்டிருந்தாள். அப்போது மலையில் அவள் முழங்கைக்குப் பக்கத்தில், ஒட்டி உரசிக்கொண்டு நின்றது வீப்கே.

எல்லாரும் வீப்கேயைப் பார்த்தார்கள். வாக்கு வாங்கினவள் அவள்தானே.

வீப்கே அவசரப்படவில்லை. கிளாஸை மேசையில் வைத்தாள். சுளித்த உதட்டைத் துடைத்துக்கொண்டாள். மருமகளை நேராகப் பார்த்தாள், அந்தப் பார்வையில் ரோஸ்வீட்டாவுக்குக் காது சுட்டது.

"நான் பக்கத்துலயே நின்னேன்" என்றாள் மண்டபத்துக்குக் கேட்கும்படி. "என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். சம்மதம்தான் முதல்ல. தலைவருக்கு வயசாயிடுச்சு, கண்ணாடி மாத்தச் சொல்லுங்க."

சிரிப்பு கூரையைத் தூக்கியது. செவரின் தோற்று உட்கார்ந்தார். வீப்கே மேசைக்கு அடியில் தன் கையை நீட்டி, மண் போகாத ரோஸ்வீட்டாவின் விரல்களைப் பிடித்து, ஒரு கொம்பை வளைக்கிற மாதிரி மெல்ல முறுக்கி, நிறுத்தி, மறுபடி இறுக்கிக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் முதல் தூறல் விழுந்ததும் எனக்குக் கூப்பிடு" என்றாள் அவள் காதோரம். "செவரின் நிலத்துல நான் முறிச்ச கொடி ஒண்ணு பாதியா நிக்குது. அதை நான்தான் பார்த்துக்கணும்."

அடுத்த மார்ச்சில் ரோஸ்வீட்டா கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கிழக்குக் காற்று இன்னும் அடித்துக்கொண்டிருந்தது, வானத்தில் மேகத்தின் பொட்டுக்கூட இல்லை. ரயில் நிலையத்தில் வீப்கே வந்து இறங்கி நின்றாள், தொப்பியும் ரப்பர் பூட்ஸுமாக.